காதுக்குள் ஓயாத இரைச்சல்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினரின் வேண்டுகோளுக்கிணங்க, சிறு திருத்தங்களுடன் எழுத்தில் தரப்படுகிறது.)



இந்த மேடையில் நான் கடைசியாகப் பேசியது ஒரு பேச்சுப் போட்டியில். நேரம் முடிந்ததென்று மணி அடித்த பிறகும் நிறுத்தாமல் பேசி, புள்ளி குறைத்தபோது, மணி எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். அதே ஆளை இன்று காதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள்.

தொடங்குமுன் ஒரு சிறிய வேலை. மண்டபத்து மின்விசிறிகளை அரை நிமிடம் நிறுத்தும்படி கேட்டிருக்கிறேன். வியர்த்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடி, ஒருவரோடொருவர் கதைக்காமல், உங்கள் காதுக்குள் என்ன கேட்கிறது என்று மட்டும் பாருங்கள்.

சரி, விசிறிகளைப் போடலாம். மெல்லிய ஒரு கீச்சொலியோ காற்றுப் போன ஓசையோ கேட்டதென்று எத்தனை பேர் கையை உயர்த்துகிறீர்கள்? பாதிக்கு மேல். பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்த்த பிறகு உயர்ந்த கைகளும் சில. 1953 ஆம் ஆண்டு ஹெல்லர், பேர்க்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், காது நன்றாகக் கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறைக்குள் இருத்தி, கேட்பதை எழுதித் தரச் சொன்னார்கள். நூற்றுக்கு 94 வீதமானோர் ஏதோ ஒரு சத்தத்தை எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே முழு அமைதியில் காது சற்று இரைவது நோயல்ல. நான் பேசப் போவது அதைப் பற்றியல்ல. பகலும் இரவும், மாதக் கணக்காக, வருடக் கணக்காக, கேட்க விரும்பாதபோதும் கேட்டுக்கொண்டிருக்கும் இரைச்சலைப் பற்றி. வளர்ந்தவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது இது உண்டு. இந்த மண்டபத்தில் இருப்பவர்களின் வயதைப் பார்த்தால் (யாரும் கோபிக்கக்கூடாது) இங்கே அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

கிளினிக்கிற்கு வருபவர்கள் இதைச் சொல்லும் விதமே தனி. "காது இரையுது டொக்டர்", "காது கூவுது", "உள்ளுக்குள்ள சில்வண்டு இருக்குது", "ஆரோ சங்கு ஊதுற மாதிரி", "குக்கர் விசில் நிக்காமல் அடிக்குது". ஒருவர் கோயில் மணி என்றார், அதிலும் மணி அடித்து முடிந்த பிறகு மிஞ்சி நிற்கும் ஓசை என்றார். இந்த வர்ணனைகள் எங்களுக்கு உதவும். கீச்சென்ற உயர்ந்த ஒலியா, கடல் போன்ற தாழ்ந்த இரைச்சலா, நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கிறதா, ஒரு காதிலா இரண்டிலுமா என்பவை ஒவ்வொன்றும் வேறு வேறு காரணங்களைக் காட்டும்.

ஆனால் பெரும்பாலானோர் சொல்வதே இல்லை. பிறஷருக்கு மருந்தெடுக்க வந்து, கிளினிக் கொப்பியைக் கையில் வாங்கிக் கதவடியில் போய் நின்றுகொண்டு, "இன்னொண்டும் இருக்குது, சொல்லட்டோ?" என்று தொடங்குவார்கள். ஏன் இவ்வளவு காலம் சொல்லவில்லை என்று கேட்டால் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "இல்லாத சத்தம் கேக்குதெண்டால் விசர் எண்டு நினைப்பினம்." வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல். பேரப்பிள்ளை மொழிபெயர்க்க, அங்குள்ள வைத்தியருக்கு "அம்மம்மாவுக்கு ஏதோ சத்தம் கேட்கிறதாம்" என்று மட்டும் போய்ச் சேரும். அந்த வைத்தியர் தன் கடமைக்கு, யாராவது உங்களோடு பேசுகிறார்களா, கட்டளை இடுகிறார்களா என்று கேட்பார். அதோடு அம்மம்மா வாயை மூடிவிடுவார். இரைச்சல், கூவல், விசில் என்பன காதிலிருந்து மூளை வரை போகும் கேள்விப் பாதையின் கோளாறுகள். வார்த்தைகளாகக் குரல் கேட்பது முற்றிலும் வேறு விடயம். மொழிபெயர்க்கும் பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

1801 ஆம் ஆண்டு, முப்பது வயதில், பீத்தோவன் தன் வைத்திய நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தன் காதுகள் இரவும் பகலும் இரைகின்றன என்றும், காது கேட்கவில்லை என்பதை மற்றவர்களுக்குச் சொல்ல முடியாததால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகக் கூட்டங்களுக்குப் போவதையே விட்டுவிட்டதாகவும் தெரிவித்திருக்கிறார். இருநூறு வருடங்களுக்குப் பிறகும் எங்கள் கிளினிக் வாசலில் அதே கதைதான். இரைச்சலை ஒளிப்பவர் பெரும்பாலும் இன்னொன்றையும் சேர்த்தே ஒளிக்கிறார், கேள்திறன் குறைந்ததை. இன்று நான் உங்களிடம் சொல்ல வந்ததும் அதுதான். ஓயாத இரைச்சல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு, அவர்கள் அறிந்தோ அறியாமலோ, காது கொஞ்சம் கேட்காமல் போயிருக்கிறது.

அது எப்படி? எங்கள் உட்காதில் நத்தைச் சுருள் என்று உயிரியல் பாடத்தில் படம் வரைந்தோம். அதற்குள் மயிர்க்கலங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒரு காதில் ஏறக்குறைய 15,000. வாசலுக்கு அருகில் இருப்பவை கீச்சொலிகளையும், உச்சியில் இருப்பவை தாழ்ந்த ஒலிகளையும் பிடிக்கும். பிறக்கும்போது கிடைத்தவைதான் கடைசி வரைக்கும். மனிதருக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. வாசலடியில் இருப்பவைதான் முதலில் சாகின்றன.

மிச்சத்தை விளக்க, என் வயதுக்காரருக்கு ஓர் உதாரணம் கைவசம் இருக்கிறது. மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடவைத்தோமே, ஞாபகமா? இரவில் பிபிசி தமிழோசை கேட்க அயலவர் எல்லாம் கூடியிருப்பார்கள். நிலையம் தெளிவாக எடுபட்டால் சத்தத்தைக் குறைத்து வைத்தே கேட்கலாம். எடுபடாவிட்டால் என்ன செய்வோம்? சத்தத்தைக் கூட்டுவோம். கூட்டக் கூட்டச் செய்தி தெளியாது, "ஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சல்தான் பெருகும். மூளையும் இதைத்தான் செய்கிறது. செத்துப்போன மயிர்க்கலங்களின் பக்கத்திலிருந்து செய்தி வராதபோது, அந்தப் பக்கத்துச் சத்தத்தைத் தானாகவே கூட்டிப் பார்க்கிறது. அப்போது எழும் வெற்று இரைச்சலைத்தான் நாம் கேட்கிறோம். அதனால்தான் பெரும்பாலும் கீச்சென்று கேட்கிறது. இழந்ததும் கீச்சொலிகளைத்தானே.

வயதோடு வரும் கேள்விக் குறைவுதான் ஆகக்கூடிய காரணம். இது திடீரென்று "கேட்கவில்லை" என்று வருவதில்லை. "கேட்குது, ஆனால் விளங்குதில்லை" என்றுதான் தொடங்கும். உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்தது, பலமானது. சொல்லைப் பிரித்துக் காட்டும் க, ச, த, ப போன்ற மெய்யொலிகள் மெல்லியவை, உயர்ந்தவை. அவை போனால் கட்டி, சட்டி, தட்டி எல்லாம் ஒன்றாகிவிடும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னிடம், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் வாய்க்குள்ளேயே கதைக்கிறார்கள் என்று முறையிட்டார். காதுச் சோதனைக்குப் பிறகு, குறை பிள்ளைகளில் இல்லையென்று சொல்ல வேண்டியதாயிற்று. சிரித்துவிட்டு, "அப்ப நான் அடிச்சதெல்லாம் வீணோ?" என்று கேட்டார்.

அடுத்தது பெருஞ்சத்தம். பிற நாட்டுப் புத்தகங்களில் இந்தப் பகுதிக்குத் தொழிற்சாலை, வேட்டைத் துப்பாக்கி, இசை நிகழ்ச்சி என்று உதாரணம் காட்டுவார்கள். எங்கள் உதாரணங்கள் வேறு. இந்த மைதான ஓரத்துப் பங்கருக்குள் நான் படித்த நேரமும் உண்டு. விமானச் சத்தம் கேட்டால் குப்புறப் படு, விரலால் காதைப் பொத்து என்று ஆசிரியைகள் பழக்கினார்கள். அந்த விரல்கள் எத்தனையோ காதுகளைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் முதலாவது செல் விழும்போது யாரும் காதைப் பொத்திக்கொண்டு இருப்பதில்லை. 140 டெசிபலைத் தாண்டும் ஒரு வெடிச்சத்தம், ஒரே கணத்தில் மயிர்க்கலங்களை நிரந்தரமாகக் குலைத்துவிடும். செவிப்பறை கிழிந்தால் பலருக்குத் தானாகவே மூடிக்கொள்ளும். உள்ளே போனது போனதுதான்.

செவிப்புலன் சோதனையில் சத்தத்தால் வந்த சேதத்துக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. வரைபில் 4,000 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு பள்ளம் விழும். ஐம்பது வயதுப் பெண் ஒருவர், தொழிற்சாலையில் வேலை செய்யாதவர், தலையணி மாட்டிப் பாட்டுக் கேட்டறியாதவர், அந்தப் பள்ளத்தோடு எதிரே இருக்கும்போது, எங்கே இருந்தீர்கள், எந்த வருடம் என்று கேட்பேன். பலர் காதைப் பற்றி அதுவரை யாரிடமும் முறையிட்டிருக்கவில்லை. "உயிர் தப்பினதே பெரிசு, காதைப் போய் ஆர் பார்த்தது" என்பார்கள். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் எங்கள் தோழியருக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். அங்குள்ள வைத்தியர், சத்தமான இடத்தில் வேலை செய்தீர்களா என்றுதான் கேட்பார். குண்டு விழுந்த இடத்தில் இருந்தீர்களா என்று கேட்கத் தோன்றாது. நீங்களாகவே சொல்லுங்கள்.

இப்போதைய சத்தங்களும் குறைந்தவையல்ல. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் எட்டு மணித்தியாலம்தான் காது தாங்கும் என்பது பொதுவான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கால் மணித்தியாலம். கலியாண மண்டபத்து ஒலிபெருக்கிக்கு முன் வரிசையில் மரியாதைக்காக இருத்தப்படும் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். கை நீட்டும் தூரத்தில் இருப்பவரோடு கத்திக் கதைக்க வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்குக் கூடாது. இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள், வீட்டுக்காரர் கோபிக்கமாட்டார்.

காதுக் குறும்பியும் ஒரு காரணம்தான். எடுத்தால் இரைச்சல் போய்விடும். நான் சொல்லக்கூடிய ஆக இலகுவான நல்ல செய்தி அது. எடுப்பதற்குச் சட்டைப்பின், நெருப்புக்குச்சி, கோழிச் செட்டை, பஞ்சு சுற்றிய குச்சி எதுவும் வேண்டாம். அவை குறும்பியை உள்ளே இடித்து இறுக்கும், சிலவேளை செவிப்பறையையும் ஓட்டையாக்கும். சிறுவயதில் காதில் சீழ் வடிந்து கவனிக்காமல் விட்டவர்களுக்கும் கேள்வி குறைந்து இரைச்சல் வரும். வளர்ந்த பிறகும் காது ஒழுகினால், அதிலும் நாற்றத்தோடு ஒழுகினால், கட்டாயம் காட்ட வேண்டும்.

பெண்களாகிய எங்களுக்குச் சற்றுக் கூடுதலாக வரும் ஒன்றும் இருக்கிறது. நடுக்காதின் மூன்று சிற்றென்புகளில் கடைசியானதாகிய ஏந்தியுரு அசையாமல் இறுகிப்போவது. இருபது முப்பது வயதுகளில் தொடங்கும், குடும்பத்தில் இருக்கும், பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது கூடியது என்று சிலர் சொல்வார்கள். 1956 இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஜோன் ஷீ என்ற வைத்தியர் அந்த எலும்பை எடுத்துவிட்டுச் செயற்கையாக ஒன்றைப் பொருத்திக் காட்டினார். இன்றும் அந்த வழியில்தான் சத்திரசிகிச்சை நடக்கிறது. சரியாக அமைந்தால் கேள்வி திரும்பும், பலருக்கு இரைச்சலும் குறையும். ஆகவே முப்பது வயதுப் பெண்ணுக்குக் காது இரைந்தால் "வயசு" என்று சொல்லி அனுப்பக்கூடாது.

தலைச்சுற்று, வாந்தி, காது நிரம்பினாற்போன்ற அழுத்தம், கடல் போன்ற இரைச்சல் எல்லாம் சேர்ந்து வந்து, சில மணித்தியாலங்களில் அடங்கி, பிறகு திரும்ப வருமானால் அது மெனியர் நோயாக இருக்கலாம். நித்திரையில் பல்லைக் கடிப்பவர்களுக்கும், தாடை மூட்டில் நோ உள்ளவர்களுக்கும் இரைச்சல் வரும். தாடையை அசைத்தால் அதன் சுருதியே மாறும். மருந்துகளில் ஜென்ரமைசின் ஊசி, சில புற்றுநோய்களுக்கு ஏற்றும் சிஸ்பிளாற்றின், மலேரியாவுக்குப் பாவித்த குயினைன், பெரிய அளவில் எடுக்கும் அஸ்பிரின் ஆகியவை காதைத் தாக்கக்கூடியவை. இதைக் கேட்டுவிட்டு, இதயத்துக்காகத் தினமும் போடும் சிறிய அஸ்பிரின் குளிசையை யாரும் நிறுத்திவிடாதீர்கள். அந்த அளவு வழக்கமாகக் காதை ஒன்றும் செய்யாது, நிறுத்தினால் இதயத்துக்குத்தான் ஆபத்து.

நாடியோடு சேர்ந்து "டுப், டுப்" என்று அடிக்கும் இரைச்சல் வேறு வகை. அதில் கேட்பது உங்கள் குருதி ஓடும் ஓசை. குருதிச்சோகை, தைரொயிட் மிகைப்பு, உயர் குருதி அமுக்கம் ஆகியவற்றில் வரும். சிலரில் காதுக்கு அருகிலுள்ள குருதிக் குழாய்களில் ஏதாவது இருக்கலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் பிந்தாமல் காட்டுங்கள். ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சலும் அப்படியே. பெரும்பாலும் ஒன்றும் இராது. ஆனால் மிகச் சிலருக்குக் கேள்வி நரம்போடு ஒட்டி, மெதுவாக வளரும் புற்றல்லாத ஒரு கட்டி இருக்கலாம். அதை எம்ஆர்ஐ படத்தில்தான் காணலாம்.

இனிச் சொல்லப் போவதை, சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு சொல்கிறேன். அவரும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவிதான், என் சின்னம்மா.

நான் உள்ளகப் பயிற்சி முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சின்னம்மா கொழும்பிலிருந்து ரெலிபோன் எடுத்தார். "பிள்ளை, விடிய எழும்பினதிலயிருந்து வலப்பக்கக் காது அடைச்ச மாதிரிக் கிடக்கு. உள்ளுக்குள்ள ஒரே இரைச்சல். தலையும் கொஞ்சம் கிறுகிறுக்குது." நான் வார்ட்டில் நின்றேன். "தடிமன் ஏதும் வந்ததோ சின்னம்மா?" "ஓம், போன கிழமை இருந்தது." "அப்ப ஒண்டுமில்லை, சளியும் குறும்பியும்தான். காதுக்குச் சொட்டு மருந்து விட்டுப்போட்டுப் பாருங்கோ, சரிவரும்." டொக்டர் மகள் சொல்லிவிட்டாள் என்று சின்னம்மாவும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இருந்தார். அயலில் ஒருவர் காட்டச் சொன்னபோதும், "பிள்ளை சொன்னவள், தேவையில்லை" என்றாராம். பத்தொன்பதாவது நாள் காது மூக்குத் தொண்டை வைத்திய நிபுணரிடம் போனபோது, காதில் குறும்பியே இருக்கவில்லை. செவிப்பறை பளிங்கு போல இருந்தது. நரம்புப் பக்கத்துக் கேள்வி ஒரே இரவில் போயிருந்தது.

திடீர்ச் செவிட்டுத்தன்மை என்ற இந்த நிலைக்கு ஸ்ரெரொயிட் மருந்து கொடுப்போம். எவ்வளவு வேளைக்குக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. முதல் இரண்டு கிழமைக்குள் கொடுத்தால்தான் கூடிய பலன் எதிர்பார்க்கலாம். சிலருக்கு மருந்தில்லாமலும் கேள்வி திரும்பும், யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. சின்னம்மாவுக்குத் திரும்பவில்லை. வேளைக்குக் கொடுத்திருந்தால் திரும்பியிருக்குமா என்பதையும் யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சந்தர்ப்பத்தை அவருக்குக் கொடுக்காமல் விட்டது நான். இன்றுவரை அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கலியாண வீட்டில் எல்லோரும் தனக்கு இடப்பக்கத்தில் வரும்படி, வலது சுவரோரக் கதிரையைத் தேடி இருப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ரெலிபோன் அழைப்பு எனக்கு நினைவு வரும். நான் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அன்று ரெலிபோனிலேயே நான் செய்திருக்கக்கூடிய ஒரு சிறு சோதனை இருக்கிறது. இப்போது எல்லோரும் செய்து பாருங்கள். வலது காதை விரலால் பொத்திக்கொள்ளுங்கள். வாயை மூடி "ம்ம்ம்" என்று இழுங்கள். எந்தக் காதில் கூடுதலாகக் கேட்கிறது? பொத்திய காதில். அடைப்பினால் கேட்காத காதும் இப்படித்தான், குறும்பியோ சளியோ அடைத்திருந்தால் "ம்ம்ம்" அந்தக் காதிலேயே பலமாகக் கேட்கும். நரம்புப் பக்கம் திடீரென்று கேட்காமல் போயிருந்தால், மற்ற நல்ல காதில் பலமாகக் கேட்கும். பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் இசைக்கவையை றப்பர் அடைப்பானில் தட்டிச் சுரமானியில் வைத்தோமே, அதே 512 ஹேர்ட்ஸ் கவையை நெற்றியில் வைத்து நாங்கள் செய்யும் சோதனையின் வீட்டு வடிவம் இது. இதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆனால் ஒரு காது திடீரென்று அடைத்து இரைந்து, "ம்ம்ம்" மற்றக் காதுக்குப் போனால், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். சலரோகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், ஸ்ரெரொயிட் சீனியைக் கூட்டும். "திங்கட்கிழமை கிளினிக் இருக்குது, அப்ப பாப்பம்" என்று இருக்க வேண்டாம். டொக்டர் மகள் ரெலிபோனில் என்ன சொன்னாலும் போங்கள்.

சரி, சோதித்தாயிற்று, ஆபத்தான ஒன்றும் இல்லை, இரைச்சல் மட்டும் இருக்கிறது. இனி என்ன? "ஒண்டும் செய்யேலாது, பழகிக்கொள்ளுங்கோ" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. அது பாதி உண்மை. இரைச்சலை அடியோடு நிறுத்தும் குளிசை இன்றுவரை இல்லை. ஜிங்கோ இலைச்சாறு, சிங்க் மாத்திரை, இணையத்தில் விற்கும் அதிசயத் துளிகள் எவையும் நிரூபிக்கப்பட்டவை அல்ல. காதில் மெழுகுதிரி கொளுத்துவதால் காது சுட்டதுதான் மிச்சம். ஆனால் பழகுவது என்பது தானாக நடந்தால் நடக்கட்டும் என்று விடும் காரியமல்ல, அதற்கும் வழிகள் இருக்கின்றன.

முதலாவது, கேள்வி குறைந்திருந்தால் செவிப்புலன் கருவி. வானொலிக்கு நிலையம் தெளிவாக எடுபட்டால் சத்தத்தைக் கூட்டத் தேவையில்லை என்று சொன்னேனே, அதுதான். வெளியொலி உள்ளே போனதும் பலருக்கு இரைச்சல் பின்வாங்குகிறது. கண்ணாடி போடுவதற்கு வெட்கப்படாத நாங்கள் காது மெசினுக்கு மட்டும் ஏன் வெட்கப்படுகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. கூந்தலால் மறைத்துக்கொள்கிறேன் என்றாலும் சரி, போடுங்கள்.

இரண்டாவது, இரவு. பகலில் மற்றச் சத்தங்களுக்குள் அமிழ்ந்து கிடப்பது, விளக்கணைத்ததும் தலையைத் தூக்கும். அமைதியைத் தேடிக் கதவு யன்னல் எல்லாவற்றையும் மூடாதீர்கள். மின்விசிறி ஓடட்டும், வானொலி மெல்லிய சத்தத்தில் இருக்கட்டும். கைத்தொலைபேசியில் மழைச் சத்தம் போட்டுக் கேட்கலாம். இரைச்சலை முழுவதும் மூடும் அளவுக்கு வேண்டாம், அதற்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுப்பவர்கள் அதைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

மூன்றாவதுதான் கடினமானது. ஒரே அளவு இரைச்சல் உள்ள இருவரில் ஒருவர் மறந்து திரிவார், மற்றவர் நித்திரையிழந்து நலிவார். வித்தியாசம் பெரும்பாலும் அந்தச் சத்தத்துக்கு மூளை கொடுக்கும் அர்த்தத்தில் இருக்கிறது. மூளையில் கட்டி, பக்கவாதம் வரப்போகிறது, பைத்தியம் பிடிக்கப் போகிறது என்று நினைத்தால் மூளை அதைக் காவல் காத்துக்கொண்டே இருக்கும். அறிகை நடத்தைச் சிகிச்சை என்ற ஆலோசனை முறைதான் இந்தத் துன்பத்தைக் குறைப்பதில் ஆய்வுகளில் நன்கு தேறியிருக்கிறது. சத்தம் குறையாது, அது தரும் துன்பம் குறையும். நித்திரை இல்லை, அழுகை வருகிறது, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கு வேறாக வைத்தியம் உண்டு.

தேநீர் இடைவேளைக்கு முன், துண்டில் எழுதித் தந்த கேள்விகளில் சில.

கோப்பியை விட்டால் இரைச்சல் போகுமா? போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இரவில் குடித்து நித்திரை கெட்டால் இரைச்சல் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். மெனியர் நோய் என்று சொல்லப்பட்டவர்கள் உப்பைக் குறைப்பது நல்லது.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் தொடங்கியது, அதுதானா காரணம்? கேள்வி குறையத் தொடங்கும் வயதும் அதுதான், தைரொயிட் கோளாறு வரும் வயதும் அதுதான். எல்லாவற்றையும் மாதவிடாயின் தலையில் போடாமல் காதையும் குருதியையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

பேரன் எந்நேரமும் ஹெட்போனோடு இருக்கிறான், என்ன சொல்வது? முழுச் சத்தத்தில் 60 வீதத்துக்கு மேல் வைக்காதே, மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழற்று என்று சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் உங்களுக்குப் பாட்டின் சொற்களே கேட்டால் அது கூடிப்போயிற்று.

கடைசித் துண்டில் பெயர் இல்லை. "எனக்கு முப்பது வருடமாக இருக்கிறது. இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. இனிச் சொல்லிப் பயனுண்டா?" என்று எழுதியிருக்கிறது. உண்டு. முப்பது வருடமானாலும் செவிப்புலன் சோதனை செய்யலாம், கருவி பொருத்தலாம், நித்திரையைச் சீராக்கலாம். அரைவாசி பேச்சு விளங்காமல் தலையாட்டிக்கொண்டிருப்பதை நிறுத்தலாம். இடைவேளையில் பழைய ஆய்வுகூட வாசலில் நிற்பேன், இசைக்கவையும் கையில் இருக்கும். கூட்டத்துக்குள் வரக் கூச்சமென்றால் பின்னேரம் எல்லோரும் போன பிறகு வாருங்கள், ஆறு மணி வரை இங்கேதான் இருப்பேன். கிளினிக் கொப்பியும், போடுகிற குளிசைகளும் இருந்தால் கொண்டு வாருங்கள்.